உப்புக் காற்றில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு

மூன்று வருட வாரன்டி என்று பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. இரண்டாம் வருடத்திலேயே கார்டு போன வழியே திரும்பி வந்தது, பழுது பார்க்கப்படாமல். கூடவே ஒரு துண்டுச் சீட்டு: துருப்பிடித்திருப்பதால் வாரன்டி செல்லாது. மட்டாஞ்சேரியில் என் தங்கை வீட்டு மாடியில், காயலைப் பார்த்த ஜன்னலோரம் இருந்த கம்ப்யூட்டருக்கு 2024 மழைக்காலத்தில் நேர்ந்த கதி இது. கார்டை யாரும் தண்ணீரில் போடவில்லை. அந்த ஊர்க் காற்றைச் சுவாசித்ததுதான் அது செய்த குற்றம்.

கடைசியில் உள்ளூர் ரிப்பேர்க்காரர் ஒருவர் விசிறியை மாற்றி, எச்.டி.எம்.ஐ. துளையில் பூத்திருந்த பச்சையைத் துடைத்து, சில நூறு ரூபாயில் உயிர் கொடுத்தார். ஜி.டி.எக்ஸ். 1650 ரகம் அது. 4 ஜிபி நினைவகம். 2019ல் சந்தைக்கு வந்தது. கல்லூரிக்குப் போகும் என் மருமகன் இத்தனை நாள் அதை வைத்து ஓட்டிவிட்டான். இப்போது புதிய விளையாட்டுகள் எதையும் அது இழுப்பதில்லை. புதுக் கார்டு வேண்டும் என்றான். முதலில் மானிட்டரைப் பார்ப்போம் என்றேன். "மாமா, நான் கேட்டது கார்டு. நீங்க எதுக்கு மானிட்டரை மாத்தறீங்க?" என்று அவன் முறைத்தான்.

காரணம் எளிய கணக்கு. அவனிடம் இருக்கும் பழைய திரை 60 ஹெர்ட்ஸ். அதாவது, விநாடிக்கு 60 தடவைதான் அது படத்தைப் புதுப்பிக்கும். கார்டு விநாடிக்கு 200 படங்களைத் தீட்டித் தள்ளினாலும் கண்ணுக்கு வந்து சேர்வது 60. ரூ 30,000க்குக் கார்டு வாங்கி இந்தத் திரையில் மாட்டுவது, பத்துக் குதிரைத் திறன் மோட்டாரை வைத்துவிட்டு அரை அங்குலக் குழாயில் தண்ணீர் பிடிப்பது போல. இன்னொன்றும் உண்டு. கார்டு நாலைந்து வருடத்தில் பழசாகிவிடும். நல்ல மானிட்டர் இரண்டு கார்டுகளின் ஆயுளைத் தாண்டி நிற்கும். எனவே முதலில் திரை, பிறகு அந்தத் திரைக்கு ஏற்ற கார்டு, அதற்குப் பிறகு அந்தக் கார்டுக்கு ஏற்ற மின்சப்ளைப் பெட்டி. கடைகளில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது. கார்டின் பெயரில்தான் கவர்ச்சி இருக்கிறது.

எர்ணாகுளத்தின் பென்டா மேனகா வணிக வளாகத்தில் மொபைல், கம்ப்யூட்டர் கடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு அக்கரைப் பயணம். வாட்டர் மெட்ரோவின் மட்டாஞ்சேரி முனையம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு அதுவும் சுலபமாகிவிட்டது. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் வந்து விழும் எண்கள்தான் தலை சுற்ற வைக்கின்றன. 144 ஹெர்ட்ஸ், 180 ஹெர்ட்ஸ், 240 ஹெர்ட்ஸ், 1 மில்லி விநாடி.

இவற்றில் எது காசுக்குத் தகும்? 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடைவெளி 16.7 மில்லி விநாடி. 144ல் அது 6.9 ஆகக் குறைகிறது. கிட்டத்தட்ட 10 மில்லி விநாடி லாபம். மவுஸை வேகமாக அசைத்துப் பார்த்தாலே யாருக்கும் வித்தியாசம் தெரியும். 144லிருந்து 240க்குப் போனால் மேற்கொண்டு கிடைப்பது 3 மில்லி விநாடிக்கும் குறைவு. போட்டிகளில் ஆடுபவர்களுக்கு அது முக்கியமாக இருக்கலாம். மாலை நேரத்தில் நண்பர்களுடன் வாலரன்ட் ஆடும் பையனுக்கு அல்ல. பெட்டி மேல் போட்டிருக்கும் 1 மில்லி விநாடி பெரும்பாலும் மிகச் சாதகமான நிலையில் அளந்தது. அதை நம்பி கூடுதல் பணம் தர வேண்டாம். ஜி-சிங்க் முத்திரைக்காகத் தனி விலை தரவும் இப்போது அவசியமில்லை. 2019 ஜனவரி முதல் ஃப்ரீசிங்க் வகை மானிட்டர்களோடும் என்விடியா கார்டுகள் ஒத்துழைக்கின்றன.

திரையின் அளவில்தான் எனக்குச் சொந்த அக்கறை இருந்தது. பகலில் அந்த மானிட்டரில் உட்கார்ந்து மொழிபெயர்க்கப் போவது நான். தங்கை வீட்டில் தங்கும் நாட்களில் அதுதான் என் மேஜை. மானிட்டரை விமர்சிப்பவர்கள் ஆங்கில எழுத்தை வைத்தே தெளிவைச் சோதிக்கிறார்கள். தமிழில் படித்துப் பார்த்தால் கதை வேறு. 27 அங்குலத் திரையில் 1920க்கு 1080 புள்ளிகள் மட்டும் இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 82 புள்ளிகள்தான். ஆங்கிலம் சமாளித்துவிடும். ஆனால் தமிழில் மெய்யெழுத்தின் தலையில் உள்ள புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ணகர, னகரச் சுழிகளை எண்ணக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கிறது. அதே 27 அங்குலத்தில் 2560க்கு 1440 என்றால் அங்குலத்துக்கு 109 புள்ளிகள். பிழை திருத்துபவருக்கு இது பெரிய நிம்மதி. 1080 போதும் என்றால் 24 அங்குலத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கே 92 புள்ளிகளாவது கிடைக்கும்.

ஓலெட் திரையின் கறுப்பு உண்மையிலேயே கறுப்பு. இரவுக் காட்சிகள் அதில் பிரமாதம். ஆனால் எட்டு மணி நேரம் ஒரே கருவிப்பட்டை அசையாமல் நின்றால் அதன் நிழல் நிரந்தரமாகத் தங்கிவிடும் ஆபத்து உண்டு. அதன் வண்ணப் புள்ளிகள் அமைந்திருக்கும் விதத்தால் பல ரகங்களில் எழுத்தின் ஓரத்தில் லேசான நிறக் கசிவும் தெரிகிறது. விளையாடுவதற்கு மட்டும் வாங்குகிறவர்கள் யோசிக்கலாம். வி.ஏ. ரகம் விலை குறைவு, ஆனால் இருண்ட காட்சிகளில் அசைவு இழுபடும். எழுத்தும் ஆட்டமும் ஒரே திரையில் என்ற வீட்டுக்கு ஐ.பி.எஸ். ரகம்தான் பத்திரம். வரியைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டர்களுக்கு இருந்த 28 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகியிருக்கிறது. 32 வரை முன்பே 18தான். அந்த மாற்றத்தைக் காட்டி 27 அங்குலத் திரைக்குத் தள்ளுபடி தருவதாகச் சொல்லும் விளம்பரத்தைப் பார்த்தால் சிரித்துக்கொள்ளலாம்.

திரை முடிவானதும் கார்டின் கணக்கு தானாகவே வருகிறது. 1080 திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 1440ல் 36.9 லட்சம். 4கே என்றால் 83 லட்சம். இத்தனையையும் ஒவ்வொரு படத்துக்கும் கார்டு புதிதாகத் தீட்ட வேண்டும். 1080லிருந்து 1440க்குப் போனாலே வேலை 78 சதவீதம் கூடுகிறது.

இங்கேதான் வாங்குபவரை ஏமாற்றும் பெயர் விளையாட்டு தொடங்குகிறது. 2025 ஏப்ரலில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ கார்டு, ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என இரண்டு அவதாரங்களில் இருக்கிறது. அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 379 டாலர், 429 டாலர். ஏ.எம்.டி.யின் ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யும் அதே கதை: 299 டாலருக்கு 8 ஜிபி, 349 டாலருக்கு 16 ஜிபி. பெட்டியின் மூலையில் இருக்கும் சிறிய எண்ணைக் கவனிக்காவிட்டால், மலிவாகக் கிடைத்ததாக நினைத்து 8 ஜிபியை எடுத்து வந்துவிடுவோம். 1440 திரையில் இன்றைய பெரிய விளையாட்டுகள் 8 ஜிபியை நிரப்பிவிடுகின்றன. நிரம்பியதும் படம் திக்கித் திணறும். பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திணறல் இன்னும் அதிகம். ஆர்.டி.எக்ஸ். 5060 வரிசை எட்டு பாதைகளில் மட்டுமே மதர்போர்டோடு பேசுகிறது. பழைய போர்டில் அந்தப் பாதைகளும் மெதுவானவை. 249 டாலர் அறிவிப்போடு 2024 டிசம்பரில் வந்த இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி தருகிறது. ஆனால் பழைய பிராசஸரோடு சேர்ந்தால் சோர்ந்துவிடுகிறது.

விளம்பர எண்களையும் உப்பு போட்டே விழுங்க வேண்டும். 549 டாலர் ஆர்.டி.எக்ஸ். 5070, முந்தைய தலைமுறையின் ராஜாவான 4090க்குச் சமம் என்று 2025 ஜனவரியில் என்விடியா மேடையில் சொன்னது. அந்தச் சமன்பாடு, இரண்டு அசல் படங்களுக்கு நடுவே செயற்கையாக இட்டு நிரப்பும் படங்களையும் சேர்த்த கணக்கு. திரையில் அசைவு வழவழப்பாகும் என்பது நிஜம். விரலுக்கும் திரைக்கும் இடையிலான தாமதம் அதனால் குறைவதில்லை.

பழைய கார்டு வாங்கலாமா? 2020லிருந்து 2022 வரை கிரிப்டோ நாணயம் தோண்டுபவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்ததில் விலை தாறுமாறாக ஏறியது. 2022 செப்டம்பர் 15ல் எத்தீரியம் அந்த முறையைக் கைவிட்டதும் அவையெல்லாம் பழைய சந்தையில் வந்து கொட்டின. இரவு பகலாக உழைத்த கார்டுகள் அவை. கொச்சியில் வாங்குபவர் ஆடிப் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை பின்பக்கத் தகடும் திருகாணிகளும். அங்கே செம்புள்ளி தெரிந்தால் உள்ளேயும் இருக்கும். ஜி.டி.எக்ஸ். 1060, 1080 போன்றவை ஆசை காட்டும் விலையில் கிடைக்கின்றன. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. இனி 2028 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான்.

காத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய நம்பிக்கையும் ஆட்டம் கண்டிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சிப்களை விழுங்குவதால் 2025 கடைசியில் அவற்றின் விலை எகிறியது. சாதாரண நுகர்வோருக்கான தன் க்ரூஷியல் பிராண்டிலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. கார்டிலும் அதே இனத்து மெமரிதான் இருக்கிறது.

துருவுக்கு வருவோம். வேலியில் உள்ள தோபி கானாவில் தமிழ் வம்சாவளிக் குடும்பங்கள் தலைமுறைகளாகத் துணி வெளுக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே துணி காய்வதற்குள் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஈரக் காற்றை, உப்போடு, கார்டின் விசிறிகள் நாளெல்லாம் உள்ளே இழுக்கின்றன. துருவைக் காரணம் காட்டி வாரன்டி மறுக்கப்படுவது சென்னை, மும்பை உள்பட எல்லாக் கடலோர நகரங்களிலும் கேட்கும் புகார். பலர் வாரன்டிச் சீட்டில் அந்த வரியைப் படிப்பதே கார்டு திரும்பி வந்த பிறகுதான். வாங்கும் முன்பே, துருவை எப்படிக் கணக்கில் எடுப்பீர்கள், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டுவிடுவது உத்தமம். பெட்டியைப் பிரித்ததும் கார்டை நாலு பக்கமும் படம் எடுத்து பில்லோடு வைக்க வேண்டும். கம்ப்யூட்டரை வாரக்கணக்கில் அணைத்துப் போடாமல் தினமும் கொஞ்ச நேரமாவது ஓட விடுவது நல்லது. சூடாக இருக்கும் உலோகத்தில் ஈரம் படியாது. ஏ.சி.யை அணைத்த கையோடு ஜன்னலைத் திறந்தால் குளிர்ந்த பாகங்களில் பனி கோக்கும்.

மின்சாரச் செலவு கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும். பழைய 1650க்கு 75 வாட் போதும். ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. 16 ஜிபிக்கு 160, 5060 டிஐக்கு 180. பெயர் தெரியாத பழைய மின்சப்ளைப் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். பலர் வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். சுமார் 360 வாட்டோடு கைவிரித்துவிடும். ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து அணையும்.

இத்தனையும் எழுதிக் கூட்டிப் பார்த்ததில் மொத்தமும் ஒரே மாதத்தில் முடியாது என்று தெரிந்தது. தங்கை முகத்திலும் அது தெரிந்தது. முதலில் மானிட்டர், கார்டு ஓணத்துக்குப் பிறகு என்று பேசி முடித்தோம். வாலரன்ட்டுக்குப் பழைய 1650யே 1440 திரையிலும் போதும் என்பது அவனுக்கும் தெரியும். 27 அங்குல ஐ.பி.எஸ்., 180 ஹெர்ட்ஸ். பெட்டியை மடியில் வைத்தபடி படகில் இக்கரை வந்து சேர்ந்தோம்.

அன்று இரவு ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினான். விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பைத் திறந்து பார்த்தோம். புதுத் திரை 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. அதை 180க்கு மாற்றினான். மவுஸை ஒருமுறை வட்டமாகச் சுழற்றினான். பிறகு இரவு சாப்பாட்டுக்கு மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.