கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் டாக்டர்!

உயிர் ஊசலாடும் நேரத்திலும் பாடம். அவசர சிகிச்சை வார்டில் ஒரு இரவு

நள்ளிரவு 1-40 மணி. சென்னையில் ஒரு பெரிய அரசு ஆஸ்பத்திரியின் வாசல். 108 ஆம்புலன்சு அலறிக்கொண்டு வந்து நின்றது.

கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு வாலிபர். வயது 22 இருக்கலாம். மோட்டார் சைக்கிளில் போனவர். தலையில் ஹெல்மெட் இல்லை. சட்டை முழுக்க ரத்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், பதில் இல்லை. கிள்ளிப் பார்த்தார்கள், கண் திறக்கவில்லை.

சிவப்புப் பகுதிக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். அங்கே டூட்டியில் ஒரு பெண் டாக்டர். நாற்பதைத் தாண்டியவர். பகலில் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்துபவர். அவரைச் சுற்றி மேல்படிப்பு மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன்கள், நர்சுகள்.

"மூச்சுக்குழாய்க்குள்ளே டியூப் போடணும். யார் போடறது?" என்று கேட்டார் டாக்டர்.

"நான் போடறேன் மேடம்" என்று முன்னால் வந்தார், இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர். அவருடைய கை லேசாக நடுங்கியது.

டாக்டர் தலையசைத்தார். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்!

திக் திக் நிமிடங்கள்

டியூப் போடுவதற்கு முன்னால் மயக்க மருந்தும், தசைகளைத் தளர்த்தும் மருந்தும் கொடுக்கிறார்கள். கொடுத்ததும் நோயாளியின் சொந்த மூச்சு நின்றுவிடும். அதன் பிறகு டியூப் சரியாக இறங்க வேண்டும். இல்லாவிட்டால் மாஸ்க்கை வைத்துக் காற்றை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் இருப்பது சில விநாடிகள்தான்.

"90-க்கு வந்தா நிறுத்திடணும். ரெண்டு தடவை உனக்கு. அதுக்கு மேல நான்" என்றார் டாக்டர்.

90 என்பது ரத்தத்தில் உள்ள பிராணவாயுவின் அளவு. தலைக்கு மேலே பெட்டியில் அந்த எண் தெரிந்தது. 97. ஒரு ஹவுஸ் சர்ஜன் வாலிபரின் கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டார். மாணவர் வாய்க்குள் கருவியை விட்டுப் பார்த்தார். உள்ளே ரத்தம், எதுவும் தெரியவில்லை. 95. 93. 91.

"வெளியே வா. மாஸ்க் வை."

எண் மெல்ல ஏறியது. மாணவருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ரத்தத்தை உறிஞ்சி எடுத்துட்டுப் பாரு. அவசரப்படாதே."

இரண்டாவது தடவை. யாரும் பேசவில்லை. டாக்டரின் கைகள் மட்டும் பின்னாலிருந்து முன்னால் வந்துவிட்டன. 96. 94.

"போயிடுச்சு மேடம்!"

நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறி இறங்குகிறதா என்று பார்த்தார்கள். வெளியே வரும் மூச்சில் கரியமில வாயு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. வாலிபரை ஸ்கேனுக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் மறுபடியும் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீங்களே போட்டிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"போட்டிருக்கலாம். எனக்குப் பத்து விநாடி வேலை. ஆனா அடுத்த வருஷம் இந்தப் பையன் ஏதாவது ஒரு ஊர்ல ராத்திரி தனியா நிப்பான். அங்கே நான் இருக்க மாட்டேன். நோயாளி இருப்பாரே!" என்றார். சற்று நிறுத்தி, "அதுக்காக இந்த நோயாளியைப் பணயம் வைக்கவும் எனக்கு உரிமை கிடையாது. எப்போ கையை நீட்டணும்னு தெரியறதுதான் என் வேலை" என்றார்.

தனிப் படிப்பு

ஒரு காலத்தில் அவசர சிகிச்சைக்கு என்று தனி டாக்டர் படிப்பு நம் நாட்டில் கிடையாது. மற்ற துறை டாக்டர்கள் முறை வைத்து வருவார்கள். 2009-ல்தான் இந்திய மருத்துவக் கவுன்சில் இதைத் தனித் துறையாக ஏற்றது. இப்போது இதற்கு மூன்று ஆண்டு எம்.டி. படிப்பு இருக்கிறது.

வரிசையில் முதலில் வந்தவருக்கு முதல் சிகிச்சை என்ற பேச்சே இங்கு இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு. கொஞ்சம் பொறுக்கலாம் என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. "நாங்க முன்னாடியே வந்தோம், அவரை மட்டும் ஏன் உள்ளே விட்டீங்க?" என்று சண்டை போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"வெறும் வாயு" வியாபாரி

மணி 3. ஒரு மளிகைக் கடைக்காரர் தானே நடந்து வந்தார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, "வெறும் வாயுத் தொல்லைங்க. ரெண்டு சோடா குடிச்சேன், கேட்கலை. ஒரு ஊசி போட்டா போயிடுவேன்" என்றார்.

ஒரு ஹவுஸ் சர்ஜன் ஊசி எழுதப் போனார். டாக்டர் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"நெஞ்சுன்னு சொன்னா முதல்ல என்ன?"

"ஈ.சி.ஜி. மேடம்."

"எத்தனை நிமிஷத்துல?"

"பத்து."

எடுத்தார்கள். மாரடைப்பு! ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து உடனே ஏறியது. கடைக்காரருக்கு அப்போதுதான் பயம் வந்தது. கடைச் சாவியை எடுத்து மகன் கையில் கொடுத்தார்.

அடுத்த படுக்கையில் பாம்பு கடித்த ஒரு கட்டிடத் தொழிலாளி. காலில் இறுக்கிக் கயிறு கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். கயிறு கட்டக் கூடாது, கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது. காலை அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். அதுதான் முறை. டாக்டர் ஒரு கண்ணாடிக் குழாயில் அவருடைய ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து மேசை மீது வைக்கச் சொன்னார். 20 நிமிடம் யாரும் தொடவில்லை. பிறகு சாய்த்துப் பார்த்தார்கள். உறையாமல் தண்ணீராக ஓடியது. விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். விஷமுறிவு மருந்து போட்டார்கள். பெரிய எந்திரம் எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையை எந்தக் கிராமத்து ஆஸ்பத்திரியிலும் செய்யலாம். அதனால்தான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்.

போலீசு கேசா? பயம் வேண்டாம்

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கி வந்தால் போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டும் என்ற பயம் இன்னமும் நம் ஆட்களுக்குப் போகவில்லை.

டெல்லியில் ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி அடிபட்டார். முதலில் கொண்டு போன ஆஸ்பத்திரி, "இது போலீசு கேசு" என்று சொல்லி 20 கிலோ மீட்டர் தள்ளியிருந்த வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது. வழியிலேயே இறந்தார். இந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த ஒருவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1989-ல் தீர்ப்பு வந்தது: முதலில் உயிரைக் காப்பாற்று, போலீசு நடவடிக்கை பிறகு. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, எல்லோருக்கும் இது பொருந்தும்.

2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, தூக்கி வந்தவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. 2021-ல் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம்" திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாக்கியது.

கடினமான பாடம்

விடியற்காலை 4-30. ஒரு பெரியவரைக் கொண்டு வந்தார்கள். வரும்போதே நாடி இல்லை. நெஞ்சை மாறி மாறி அழுத்தினார்கள். அரை மணி நேரத்துக்கு மேல் போராடினார்கள். பயன் இல்லை.

வெளியே அவருடைய மனைவியும் இரண்டு மகன்களும். மாணவி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் அவர்களைத் தனி அறைக்கு அழைத்துப் போனார். நின்றுகொண்டு சொல்லவில்லை. உட்கார்ந்தார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் இறந்துட்டார்" என்றார். சுற்றி வளைக்கவில்லை. அதன் பிறகு பேசவே இல்லை. அந்த அம்மாள் கதறி ஓயும் வரை அப்படியே இருந்தார்.

மூத்த மகன் ஆத்திரத்தோடு எழுந்தார். மாணவி மிரண்டுபோனாள். பயத்துக்குக் காரணம் உண்டு. 2024 நவம்பரில் கிண்டி அரசு ஆஸ்பத்திரியில், நோயாளியின் மகனே ஒரு டாக்டரைக் கத்தியால் குத்திய சம்பவம் நாடறிந்தது. ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்கினால் தண்டிக்க 2008-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த அறைக்குள் சட்டமா வந்து நிற்கும்?

டாக்டர் அசையவில்லை. "என்னென்ன செய்தோம்னு சொல்றேன் தம்பி, கேளுங்க" என்றார். மகன் கேட்டார். பிறகு சுவரில் சாய்ந்து அழுதார்.

வெளியே வந்ததும், "டியூப் போடறதை விட இது கஷ்டம். அடுத்த தடவை நீ பேசு. நான் பக்கத்துல உட்கார்றேன்" என்று மாணவியிடம் சொன்னார் டாக்டர்.

காலை 8 மணி. தலையில் அடிபட்ட வாலிபருக்கு ஆபரேஷன் முடிந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். இன்னும் கண் திறக்கவில்லை. டாக்டருக்கு டூட்டி முடிந்தது. ஆனால் 9 மணிக்கு வகுப்பு. அந்த வாலிபர்தான் இன்றைய பாடம். "முதல் தடவை 91-ல வெளியே வரச் சொன்னேனே, நீயே ஏன் வரலை?" என்பது முதல் கேள்வியாம்.

டீயை வாயில் வைத்தார். வாசலில் மறுபடியும் சைரன். அந்த இரண்டாம் ஆண்டு மாணவர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"என்னை ஏம்பா பார்க்கறே? போ. பின்னாலயே வர்றேன்" என்றார் டாக்டர்.