தூசுதானே என்பார்!

"தூசுதானே, துடைத்தால் போகும்" என்பார் முதலாளியார். எந்தத் தூசு என்று கேட்கிறோம் நாம்.

வண்ணப்பூச்சுக்கு வெண்மை தருகிறதே டைட்டானியம் டை ஆக்சைடு, அதை இன்று நானோத் துகளாகவும் ஆக்குகிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு நானோ மீட்டர். அதில் நூறுக்கு மேற்படாத பொடி! கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். பொருள் பழையதுதான், தோழர்களே! பொடி சிறுக்கச் சிறுக்க அதன் மேற்பரப்பு பெருகுகிறது, கேடும் பெருகுகிறது. பெருமளவு சுவாசித்த எலிகளின் நுரையீரலிலே புற்றுக்கட்டி கண்டது.

அமெரிக்காவின் தொழில்நல ஆய்வு நிலையமான நியாஷ் 2011-ல் அளவு கூறிற்று: ஒரு கன மீட்டர் காற்றில் சாதாரணப் பொடி 2.4 மில்லிகிராம், நானோப் பொடி 0.3 மில்லிகிராம். ஆனால் அது வெறும் அறிவுரை! ஆலையதிபரைக் கட்டுவது அந்நாட்டு மத்திய அரசின் சட்டம். அதன் வரம்போ, பெரிது சிறிது பாராமல், 15 மில்லிகிராம். ஐம்பது மடங்கு! அறிவுரை ஏட்டிலே, தூசு தொழிலாளியின் நெஞ்சிலே!

மனிதருக்கு நோய் வந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லையே என்பர். உண்மைதான், மறைக்கவில்லை. மெய்ப்பித்தால் மட்டும்? ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நார் நுரையீரலைக் கெடுப்பதைப் பிரிட்டனின் அரசு அறிக்கையே 1930-ல் காட்டிற்று. முழுத்தடை வந்தது 1999-ல்! இடையே 69 ஆண்டு யார் மூச்சிலே கழிந்தது? முதலாளியின் மூச்சிலா?

பொடி கொட்டும் இயந்திரத்தை மூடுங்கள். எழும் தூசை அங்கேயே குழாய் வைத்து உறிஞ்சுங்கள். காற்றடித்துக் கூட்டாதீர், ஈரத்துணியால் துடையுங்கள். 0.3 என்ற அந்த அளவைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றுங்கள். நோயைக் காட்டிய பிறகல்ல, இப்போதே!