எஸ். எஸ். டார்பன்

எஸ். எஸ். டார்பன் என்பது 1937 ஆம் ஆண்டில் மெக்சிகோ வளைகுடாவில் மூழ்கிய ஒரு நீராவிக்கப்பல் ஆகும். இதன் சிதைவு ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பனாமா சிட்டி நகருக்கு அப்பால், ஏறத்தாழ 95 அடி (29 மீட்டர்) ஆழத்தில் உள்ளது. மீன்பிடிப்போரும் முக்குளிப்போரும் நாடிச் செல்லும் இடமாக இது விளங்குகிறது.

வரலாறு

இக்கப்பல் 1887 இல் டெலவெயர் மாநிலத்தின் வில்மிங்டன் நகரில் நோகடக் என்ற பெயருடன் கட்டப்பட்டது. 1891 இல் இதை வாங்கிய தொடர்வண்டித் தொழிலதிபர் என்றி பிளான்ட், வளைகுடாவில் வாழும் பெரிய மீன் ஒன்றின் பெயரான டார்பன் என்பதை இதற்குச் சூட்டினார். 1902 இல் வேறொரு நிறுவனத்திடம் சென்ற இக்கப்பல், வில்லிஸ் பாரோ என்பவரின் தலைமையில் மொபைல், பென்சகோலா, பனாமா சிட்டி, கராபெல் முதலிய துறைமுகங்களுக்கிடையே வாரந்தோறும் பயணித்தது. நல்ல சாலைகள் இல்லாத அக்காலத்தில் இக்கரையோர ஊர்களுக்குச் சரக்குகள் வந்து சேர இதுவே முதன்மையான வழியாக இருந்தது. பாரோவின் தலைமையில் இக்கப்பல் 1,700 இற்கும் மேற்பட்ட பயணங்களை மேற்கொண்டது.

மூழ்குதல்

1937 ஆகத்து இறுதியில் 31 பேருடனும் மிகுதியான சரக்குடனும் இக்கப்பல் பனாமா சிட்டியை நோக்கிப் புறப்பட்டது. இரவில் காற்றும் அலையும் வலுத்தன. கப்பலுக்குள் நீர் புகுந்தது. சரக்கின் ஒரு பகுதியைக் கடலில் எறிந்தும் பயனின்றி, செப்டம்பர் 1 ஆம் நாள் கப்பல் மூழ்கியது. கப்பலில் வானொலிக் கருவி இல்லாததால் உதவி கோர வழியில்லை. பணியாளர் ஒருவர் ஏறத்தாழ 25 மணிநேரம் நீந்திக் கரையேறிய பின்னரே செய்தி வெளியுலகிற்குத் தெரிந்தது. கப்பல் தலைவர் பாரோ உட்பட 18 பேர் இறந்தனர்.

மீன் வளம்

சிதைவைச் சுற்றியுள்ள கடற்படுகை பெரும்பாலும் மணற்பாங்கானது. மணலில் வேர்கொள்ள இயலாத கடற்பஞ்சுகள், பவளங்கள் போன்றவை கப்பலின் இரும்புத் தகடுகளிலும் கொதிகலன்களிலும் ஒட்டி வளர்கின்றன. இவற்றை உண்ணவும் இடுக்குகளில் ஒளியவும் சிறுமீன்கள் வருகின்றன. அவற்றைத் தேடிக் களவா, சங்கரா, பாரை இன மீன்கள் வருகின்றன. இவையே தூண்டில்காரர்களை இங்கு ஈர்க்கின்றன.

பாதுகாப்பு

இச்சிதைவு 1997 இல் புளோரிடாவின் ஆறாவது கடலடித் தொல்லியல் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. 2001 இல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. மாநில மீன்பிடி விதிகளுக்கு உட்பட்டு இங்கு மீன் பிடிக்கலாம். ஆனால் கப்பலின் எப்பகுதியையும் எடுத்துச் செல்வது சட்டத்திற்குப் புறம்பானது. நங்கூரம் சிக்கினால் துருவேறிய தகடுகள் உடையக்கூடும் என்பதால், படகுகள் சிதைவின் மீது நங்கூரமிடாமல் அருகிலுள்ள மணற்பரப்பில் இடுவது நல்லது.