"டிக்... டிக்..." சத்தம் கேட்டதா? உடனே வயரைப் பிடுங்குங்கள்!

சென்னை,

கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் பிறந்த நாள், கடைக் கணக்கு, பத்திரத்தின் நகல் - எல்லாவற்றையும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு பெட்டிக்குள் போட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். பீரோவுக்கு இரண்டு சாவி வைத்திருப்பவர்கள் கூட இந்த "எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்"குக்கு இன்னொரு நகல் வைப்பதில்லை. ஒருநாள் அது முனக ஆரம்பிக்கிறது. திரையில் "பார்மட் செய்யவா?" என்று கேள்வி வருகிறது. அவ்வளவுதான், ஆளுக்குக் குலை நடுங்கிப் போகிறது!

அண்ணா சாலை பக்கம் உள்ள ரிச்சி தெருவில் இப்படித் தவிப்பவர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஒரு கடை வாசலில் போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் கையைப் பிசைந்து கொண்டு நின்றார்.

"நாலு கல்யாணம் இதுல இருக்குண்ணே. பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றது?"

"எத்தனை தடவை மாட்டிப் பாத்தீங்க?" - இது மெக்கானிக்.

"ஒரு இருபது தடவை இருக்கும்..."

மெக்கானிக் தலையில் கை வைத்துக் கொண்டார். ஏன்?

உள்ளே நடப்பது என்ன?

பெட்டிக்குள் கண்ணாடி போல் பளபளக்கும் தகடு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு "ஹெட்" மிதந்தபடி படிக்கிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை! ஹெட் பழுதானால் இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்புகிறது. அதுதான் அந்த "டிக் டிக்". உரசினால் தகட்டின் பூச்சே சுரண்டிக் கொண்டு போகும். பூச்சோடு போன படம் போனதுதான். யாராலும் திருப்பித் தர முடியாது. ஒவ்வொரு தடவை மாட்டுவதும் அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்குவதுதான்.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் வேறு கதை. முதலில் வயரை மாற்றிப் பாருங்கள். பல சமயம் கோளாறு அந்த வயரில்தான்!

பிரிட்ஜில் வைத்தால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். தகட்டில் ஈரம் படிந்து இருப்பதும் கெடும். வீட்டில் ஸ்குரூவைக் கழற்றுவது அதைவிட மோசம். ஒரு தூசி போதும், ஹெட்டுக்கு அது பாறாங்கல். "ரிப்பேர் செய்யவா" என்று கம்ப்யூட்டரே கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

முதலில் நகல், பிறகு மற்றது

ஸ்டூடியோக்காரருக்கு அதிர்ஷ்டம். ஹெட் சாகவில்லை; தகட்டில் சில இடங்கள் மட்டும் கெட்டிருந்தன. மெக்கானிக் பைல்களைத் தேடவே இல்லை. "டிடிரெஸ்க்யூ" என்ற இலவச புரோகிராமைப் போட்டு டிஸ்க் முழுவதையும் வேறொரு நல்ல டிஸ்க்குக்கு அப்படியே நகல் எடுத்தார். இது கெட்ட இடத்தில் முட்டிக் கொண்டு நிற்காது. தாண்டிப் போய் நல்லதை முதலில் அள்ளும், கெட்டதைக் கடைசியில் தட்டிப் பார்க்கும். எதுவரை வந்தோம் என்று குறித்தும் வைத்துக் கொள்ளும். ராத்திரி முழுக்க ஓடியது. மூன்று கல்யாணம் முழுசாக வந்தது. நாலாவதில் முகூர்த்தம் தப்பியது, ரிசப்ஷனில் பாதி போயிற்று.

ஹெட்டே போயிருந்தால் தெருக்கடை வேலை இல்லை. தூசி புகாத அறையில் வைத்து, அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட்டைக் கழற்றி மாட்ட வேண்டும். செலவு புது டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு!

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்

2003 பிப்ரவரி 1-ந் தேதி கொலம்பியா விண்கலம் நொறுங்கி, நம் கல்பனா சாவ்லா உள்பட 7 பேர் பலியான சோகம் மறக்க முடியாதது. அதிலிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க் மாதக் கணக்கில் கிடந்து டெக்சாஸில் அகப்பட்டது. வெறும் 400 எம்.பி. வெந்து கருகிய கட்டி! ஆனால் தகடு பிழைத்திருந்தது. அமெரிக்காவின் கிரோல் ஆன்ட்ராக் நிறுவனம் அதைக் கழுவி, வேறு உடலில் பொருத்தி, ஏறக்குறைய 99 சதவீதத்தை மீட்டது. அதிலிருந்த செனான் வாயு ஆராய்ச்சி 2008-ல் வெளிவந்தது. கூடக் கிடைத்த வேறு இரண்டு டிஸ்க்குகளிலிருந்து ஒன்றும் தேறவில்லை.

கடையில் கொடுக்கும்போது

திறந்து பார்க்காமலே "நூற்றுக்கு நூறு எடுத்துத் தர்றேன் சார்" என்பவரிடம் ஜாக்கிரதை. டிஸ்க்கின் சீரியல் நம்பரோடு ரசீது கேளுங்கள். எடுக்க முடியாவிட்டால் எவ்வளவு கட்டணம் என்பதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். உள்ளே இருப்பது உங்கள் வீட்டுப் பெண்களின் படம், பாங்கிக் கணக்கு. வேலை முடிந்ததும் கடைக் கம்ப்யூட்டரில் உள்ள நகலை உங்கள் கண் எதிரே அழிக்கச் சொல்லுங்கள். பழுதான பழைய டிஸ்க்கையும் மறக்காமல் கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.