அலமாரிக்கு ஸ்பிரே அடிக்கும் முன்

ராயப்பன்பட்டி வட்டாரத்தில் திராட்சைக்கு மருந்தடிக்கும் தெளிப்பான் பல வீடுகளில் உண்டு. அதிலேயே கடை அலமாரிக்கும் பெயிண்ட் அடிக்கலாமா என்று வியாபாரிகள் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எங்கள் பதில். மருந்தின் மிச்சம் டேங்கிலும் குழாயிலும் தங்கும். அரிசி, பருப்பு வைக்கும் பலகைக்கு அது ஆகாது. வாடகையை மிச்சம் பிடித்து ஒரு மூட்டைப் பருப்பை இழப்பது வியாபாரமா?

கம்ப்ரசரும் ஸ்பிரே கன்னும் வாடகைக்கு எடுங்கள். லாக்கருக்கு 1.4 மி.மீ. நாசில் போதும். கம்ப்ரசர் டேங்கில் சேர்ந்த தண்ணீரை முதலில் வடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பூச்சு வெள்ளை பூத்துவிடும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கை நிற்காமல், மெல்லியதாக இரண்டு தடவை அடிக்க வேண்டும்.

சரக்கு இருக்கும் கடைக்குள் அடிக்கவே கூடாது. தின்னர் ஆவி சாமி விளக்கிலும் பற்றும். டீத்தூள் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும். அலமாரியைக் கொல்லைக்குக் கொண்டுபோய் அடித்து, வாடை முழுதும் போனபிறகே சரக்கை அடுக்குங்கள்.