ஓடித் திரட்டும் பணம் எங்கே போகிறது? கொல்கத்தா ஓட்டமும் ஒரு ஜோடிச் செருப்பும்

டிசம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பனிமூட்டம் விலகும் முன்பே கொல்கத்தா மைதானத்தை ஒட்டிய ரெட் ரோட்டில் ஆயிரக்கணக்கானோர் திரண்டுவிடுகிறார்கள். 2014-இல் தொடங்கிய டாடா ஸ்டீல் கொல்கத்தா ஓட்டம் அது. தூரம் 25 கிலோமீட்டர். முழு மாரத்தானின் 42.195 கிலோமீட்டருக்கு இது குறைவுதான். ஆனாலும் உலகத் தரம் வாய்ந்த வீரர்கள் தேடி வரும் பந்தயம். 2023-இல் கென்யாவின் டேனியல் எபென்யோ இங்கே 1 மணி 11 நிமிடம் 13 விநாடியில் ஓடி முடித்தார். 25 கிலோமீட்டர் பந்தயத்தில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை.

எபென்யோவுக்குப் பின்னால், மூன்று மணி நேரம் மூச்சிரைத்து வந்து சேரும் கூட்டத்தில் சிலரைப் பற்றியதே இக்கட்டுரை. புற்றுநோய் மருத்துவமனைக்காகவோ, தெருவோர மக்களுக்கான மருத்துவப் பணிக்காகவோ நிதி திரட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் அவர்கள்.

இப்படி ஓடும் வழக்கத்துக்கு உலகில் நீண்ட வரலாறு உண்டு. புற்றுநோயால் ஒரு காலை இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980-இல் செயற்கைக் காலுடன் 143 நாட்கள் ஓடி, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி கேட்டார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் பாதியில் நின்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். பஞ்சாபில் பிறந்த ஃபௌஜா சிங், 89 வயதில் லண்டன் மாரத்தானில் ஓடியது குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்காக. இந்தியாவில் இதைப் பெரிய அளவில் பழக்கப்படுத்தியது 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான். கொல்கத்தா ஓட்டமும் அதே அமைப்பாளர்களுடையது.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். பந்தயத்துக்கு நாம் கட்டும் பதிவுக் கட்டணம் பொதுவாக நன்கொடை அல்ல. அது ஏற்பாட்டுச் செலவுக்கு. 2023-இல் சென்னையில் 73,000-க்கும் அதிகமானோர் பங்கேற்ற கலைஞர் நினைவு மாரத்தானில் பதிவுக் கட்டணமே அரசு மருத்துவமனைப் பணிக்கு அளிக்கப்பட்டது. அது விதிவிலக்கு. மற்ற இடங்களில், ஓடுகிறவர் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, உற்றார் உறவினரிடமும் அலுவலகத்திலும் தனியாகக் கேட்டுத் திரட்டினால்தான் பணம் சேரும்.

ஆகவே இதில் பயிற்சி இரண்டு: காலுக்கு ஒன்று, கேட்பதற்கு ஒன்று. இரண்டையும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பந்தயத்துக்கு முந்தைய வாரம் எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியை அனுப்புவது கடைசி வாரத்தில் மட்டும் ஓடிப் பழகுவதற்குச் சமம்.

டிசம்பர் ஓட்டத்துக்கு ஆகஸ்டிலேயே இறங்கினால் பதினாறு வாரம் கிடைக்கும். தெற்குக் கொல்கத்தாவில் ஓடுவோர் கூடுமிடம் ரவீந்திர சரோவர் ஏரிக்கரை. தமிழர்கள் தலைமுறைகளாக வாழும் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து நடந்தே போய்விடலாம். ஆகஸ்டில் அங்கே எதிரி வெயிலைவிடப் புழுக்கம்தான். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. வியர்வை உலராவிட்டால் உடல் குளிராது. எனவே கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிட்டு, பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுவதே சரி. வாரத்தில் மூன்று, நான்கு நாள் போதும். அதில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். எட்டு கிலோமீட்டரில் தொடங்கி, நவம்பர் இறுதிக்குள் இருபதை எட்டலாம்.

நவம்பரில் புழுக்கம் குறையும். ஆனால் புகை வரும். ரவீந்திர சரோவரிலும் விக்டோரியா நினைவிடத்திலும் காற்றுத் தரத்தை அளக்கும் நிலையங்கள் உள்ளன. அவற்றின் அளவைச் செல்பேசியிலேயே பார்க்கலாம். குறியீடு 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’ என்ற வகை. அன்றைக்கு நீண்ட ஓட்டத்தைத் தள்ளிப்போடுங்கள். ஒரு நாள் விடுபட்டதால் பயிற்சி கெட்டுப்போகாது.

தண்ணீர் விஷயத்தில் பலர் பயந்துகொண்டு அளவுக்கு மீறிக் குடிக்கிறார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்குச் சோடியம் அளவு குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடும் அளவுக்கு நீர் குடித்தது அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடித்தால் போதும். நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் மருத்துவரைப் பார்த்துவிட்டே தொடங்க வேண்டும்.

இனி, பணம் எங்கே போகிறது?

கொல்கத்தாவில் 1979-இல் ஜாக் பிரெகர் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் நடைபாதையில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். மிடில்டன் ரோ தெருவோரத்தில் நடந்த அந்தச் சிகிச்சைதான் ‘கல்கத்தா ரெஸ்க்யூ’ என்ற அமைப்பாக வளர்ந்தது. இன்றும் குடிசைவாசிகளுக்கும் தெருவில் வாழ்வோருக்கும் காசநோய், தொழுநோய் உள்ளிட்டவற்றுக்கு இலவசமாகச் சிகிச்சை தருகிறது.

தொழுநோயை எடுத்துக்கொள்வோம். அதைக் குணப்படுத்தும் கூட்டு மருந்து இந்தியா முழுவதும் இலவசம். அப்படியானால் நன்கொடை எதற்கு? மருந்து கிருமியைக் கொல்லும்; செத்துப்போன நரம்பைத் திருப்பித் தராது. நரம்பு செத்தால் என்ன ஆகும் என்பதை உலகுக்குத் தெளிவாக்கியது நம் வேலூர். கொல்லிமலையில் பிறந்த அறுவைச் சிகிச்சை மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தொழுநோய் சதையை அழுகச் செய்கிறது என்று அதுவரை நம்பிவந்தார்கள். அப்படியல்ல, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களே விரல்களையும் பாதங்களையும் தின்கின்றன என்று அவர் நிறுவினார்.

ஓடுகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பதினைந்தாவது கிலோமீட்டரில் குதிகால் எரிந்தால், நம்மை அறியாமலேயே பாதத்தைச் சற்றுத் திருப்பி வைப்போம். எடை வேறு இடத்துக்கு மாறும். கொப்புளம் வந்தால் நிற்போம். உணர்விழந்த பாதத்துக்கு இந்த எச்சரிக்கையே கிடையாது. ஒவ்வோர் அடியும் அதே புள்ளியில் விழும். கல் குத்தினாலும் தெரியாது, ஆணி ஏறினாலும் தெரியாது. புண் ஆழமாகி எலும்பைத் தொட்ட பிறகே கண்ணில் படும்.

இதற்கு மருந்து மென்மையான அடிப்பாகம் கொண்ட செருப்பு. வேலூரில் பிராண்டும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்கென மைக்ரோசெல்லுலார் ரப்பரைப் பயன்படுத்தினார்கள். அதன் மென்மை பாதத்தின் மீதான அழுத்தத்தைப் பரவலாக்கும். அரசுத் திட்டத்திலும் இந்தக் காலணி உண்டு. ஆனால் செருப்பு தேயும். புதிது வேண்டும். புண்ணைக் கழுவிக் கட்ட ஆள் வேண்டும், பஞ்சும் துணியும் வேண்டும். வாரந்தோறும், பல ஆண்டுகள். இந்தியாவில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டறியப்படுகிறது. உலக எண்ணிக்கையில் இது பாதிக்கும் மேல்.

நன்கொடையாளர்கள் கட்டடத்துக்கும் கருவிக்கும் தாராளமாகத் தருவார்கள், பெயர்ப்பலகை வைக்கலாம். கட்டுத்துணிக்கும் செவிலியர் சம்பளத்துக்கும் தருவது அபூர்வம். சிறு தொகைகள் பலவாகச் சேரும் ஓட்ட நிதி இந்த இடத்தை நிரப்பப் பொருத்தமானது. நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைத்தான் பார்க்கச் சொல்வேன்: தினசரிச் செலவை வெளிப்படையாகச் சொல்கிறார்களா, தணிக்கை செய்த கணக்கைக் காட்டுகிறார்களா?

காகித வேலையும் உண்டு. 80ஜி என்று நாம் பழகிய வரிச்சலுகை புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்குக் கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடைக்காது. பணத்தை உங்கள் கணக்கில் வாங்காமல் நிறுவனத்தின் கணக்குக்கே நேராக அனுப்பச் சொல்லுங்கள். வெளிநாட்டுக் குடிமக்களான உறவினர் தர விரும்பினால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி அந்த நிறுவனத்துக்குச் செல்லுபடியாகும் பதிவு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட அன்னை தெரசாவின் அறப்பணியாளர் சபைக்கே 2021 டிசம்பரில் அந்தப் பதிவின் புதுப்பிப்பு மறுக்கப்பட்டு, மறு மாதம்தான் திரும்பக் கிடைத்தது.

இந்த டிசம்பரில் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் ஓட்டத்தின் பெயரால் நன்கொடை கேட்டால், எந்த நிறுவனம், எந்தச் செலவுக்கு என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், தொகை சிறியதாக இருக்கிறதே என்று தயங்காமல் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். ரசீதையும் வாங்கி வையுங்கள்.