கூடலூர் யானையும் குண்டாற்று முள்ளும்

தமிழ்நாட்டு யானைக் கூட்டம் ஒன்று அமெரிக்காவுக்குப் போனது. 2024 ஜூலையில் நியூபோர்ட் கடற்கரையில் இறங்கிய நூறு யானைகள் பிறகு நியூயார்க் தெருவில் நின்றன, மயாமி மணலில் நின்றன. 2021-லேயே இவற்றின் கூட்டாளிகள் லண்டன் பூங்காக்களைப் பார்த்தாயிற்று. எல்லாம் உண்ணிச்செடிக் குச்சியில் செய்த சிலைகள். செய்தவர்கள் நீலகிரிக் கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடிகளான குறும்பர், பணியர், காட்டுநாயக்கர்.

குச்சியை வெட்டி, வெந்நீரில் அவித்து, தோலை உரித்து, இரும்புக் கம்பிச் சட்டத்தின் மேல் வளைத்து அடிக்கிறார்கள். ஒவ்வொரு சிலைக்கும் அவர்கள் காட்டில் பார்த்துப் பழகிய ஒரு நிஜ யானைதான் மாதிரி.

உண்ணிச்செடி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. பூ அழகாக இருக்கிறதே என்று வெள்ளைக்காரர் கொண்டுவந்தது, யானை மேயும் புல்லை மூடிக் காட்டையே பிடித்துக்கொண்டது. இப்போது யானை உருவில் தாய்மண்ணை ஒரு சுற்று பார்த்துவிட்டது!

திருமங்கலத்துக்காரனுக்கு இதைக் கேட்டதும் யானையா ஞாபகம் வரும்? சீமைக்கருவேலம்தான் வரும். அதுவும் அதே கண்டத்துச் செடிதான். குண்டாற்றில் அது, கண்மாயில் அது, வரத்துக் கால்வாயில் அது. உண்ணிக்குச்சி போல வளையாது. மூட்டம் போட்டுக் கரியாக்கத்தான் தெரியும் நமக்கு. அதில் நாலு பேருக்குச் சோறு கிடைக்கிறது, பறவைகூடக் கூடு கட்டுகிறது என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். ஜேசிபி வந்து பிடுங்கிய இடத்தில் அடுத்த மழைக்கே முளைத்து நிற்பதையும் அவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

சிலைக்கு நமக்கு முள் எதற்கு? கண்மாய் மண் போதும். ஐயனார் கோயில் புரவி எடுப்புக்கு ஆளுயரக் குதிரை சுட்ட வேளார்கள் இந்தச் சீமையில்தானே இருக்கிறார்கள்! ராஜபாளையம் சாலையில் ஒரு மணி நேரம் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே சாம்பல் நிற அணிலுக்கென்றே 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அந்த அணிலை எத்தனை பேர் பார்த்திருப்போம்? ஐயனார் கோயில் குதிரை வரிசையில் ஓர் அணில், ஒரு தேவாங்கு நின்றால் சாமி கோபித்துக்கொள்ளாது.

ஆனால் அந்த மண்ணை எடுக்கக் கண்மாய்க்குள் இறங்க வேண்டும். இறங்க வழி இருக்கிறதா என்று உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.